தானாக ரீடிங் அனுப்பும் தண்ணீர் மீட்டர் எங்கள் ஊருக்கும் வருகிறது: வார்டு கூட்டத்தில் என்ன கேட்கலாம்?

வடகரைவாசி:
எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் க்வாஸூலு-நட்டால் மாகாணத்தில் ஒரு நடுத்தர ஊர் எங்களுடையது. பெயரைச் சொல்லாமலே பேசுகிறேன். கவுன்சிலில் வேலை பார்க்கும் சொந்தக்காரர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதுண்டு.

போன மாத பில்லோடு ஒரு துண்டுச்சீட்டு வந்தது. வீட்டுத் தண்ணீர் மீட்டர்களை வட்டாரம் வட்டாரமாக மாற்றப் போகிறார்களாம். புது மீட்டர் ரேடியோ வழியாகத் தானே அளவை அனுப்பிவிடும், ரீடிங் எடுக்க ஆள் வர மாட்டார், மாற்றுவதற்குப் பணம் கிடையாது, மீட்டர் பெட்டியைச் சுற்றிப் புல்லை வெட்டி வைக்கவும். அவ்வளவுதான் சீட்டில் இருக்கிறது. எந்த வகை மீட்டர், பழைய மீட்டரின் கணக்கு என்ன ஆகும், ஒன்றும் இல்லை.

தெருவில் பாதிப் பேர் "அப்பாடா, குத்துமதிப்பாகப் போடும் எஸ்டிமேட் பில் ஒழிந்தது" என்கிறார்கள். மீதிப் பேர் "இது ப்ரீபெய்டுக்குப் போடும் முதல் படி" என்கிறார்கள். என் மாமியார் இரண்டிலும் சேரவில்லை, மீட்டர் வந்தால் தண்ணீரும் வருமா என்று மட்டும் கேட்கிறார். அடுத்த வார்டு கூட்டத்தில் கேள்வி கேட்க நேரம் தருவார்களாம். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குழாய்க்காரர்:
தம்பி, கூட்டத்தில் கேட்பதெல்லாம் அப்புறம். முதலில் இன்றைக்கே போய் மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். மண் மூடியிருந்தால் தோண்டி எடுங்கள். நம் ஊரில் பாதி மீட்டரை யாரும் வருஷக்கணக்காகப் பார்த்ததே இல்லை. நாய் இருக்கிறது, கேட் பூட்டியிருக்கிறது, பெட்டிக்குள் எறும்புப் புற்று, ரீடிங் எடுக்க வந்தவர் என்ன செய்வார்? போன மாத எண்ணோடு எதையாவது கூட்டிப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

மாற்ற வரும் நாளில் செய்ய வேண்டியது: கழற்றுவதற்கு முன் பழைய மீட்டரின் முகத்தைப் போட்டோ எடுங்கள். கறுப்பு எண்கள் கிலோலிட்டர், சிவப்பு எண்கள் லிட்டர். இரண்டும் தெரிய வேண்டும், மீட்டரின் சீரியல் எண்ணும் அதே போட்டோவில் வர வேண்டும். பிறகு புது மீட்டரை, அதன் சீரியல் எண்ணோடும் தொடக்க அளவோடும் எடுங்கள். புதிது என்பதற்காக சைபரில்தான் தொடங்கும் என்று நினைக்க வேண்டாம். சோதனை மேடையில் ஓடியிருக்கலாம், சில லிட்டர் காட்டும். மாற்றுகிறவர் கையில் ஒரு வேலைச்சீட்டு இருக்கும். அதில் அவர் எழுதும் எண்ணும் உங்கள் போட்டோவில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். நீங்கள் வேலைக்குப் போயிருந்தால் வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் போனைக் கொடுத்துச் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். வரிசை வீடுகளில் இரண்டு மூன்று மீட்டர் ஒரே பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எது யாருடையது என்பது கணினியில் மாறிப்போயிருக்கும். சோதித்துப் பார்ப்பது சுலபம்: வீட்டுக்குள் ஒரு குழாயைத் திறந்து விட்டுப் பெட்டியில் எது சுற்றுகிறது என்று பாருங்கள். உங்கள் பில்லில் இருக்கும் சீரியல் எண்ணும் சுற்றுகிற மீட்டரும் வேறு வேறு என்றால், அண்ணாச்சி, நீங்கள் இத்தனை நாள் பக்கத்து வீட்டுத் தண்ணீருக்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள். மாற்றும் முன்பே அதைச் சரிசெய்யுங்கள். புது மீட்டர் அந்தத் தப்பை அப்படியே தினமும் அனுப்பிக்கொண்டிருக்கும்.

பீனிக்ஸ்தாத்தா:
எல்லாம் சரி. ஆனால் இந்த வித்தையை நான் முன்பே பார்த்தவன். மின்சாரத்துக்கு ப்ரீபெய்டு மீட்டர் வந்தபோதும் "உங்கள் வசதிக்காக" என்றுதான் சொன்னார்கள். இன்றைக்கு இருட்டில் டார்ச்சை வைத்துக்கொண்டு, காசு கட்டி வாங்கிய 20 இலக்க எண்ணை மீட்டரில் குத்திக்கொண்டிருக்கிறோம். 2024 நவம்பர் 24-க்குள் மின்சார மீட்டரின் குறியீட்டை மாற்ற வேண்டும் என்று சொல்லி இரண்டு எண்களைக் கொடுத்து அடிக்கச் சொன்னார்களே, எத்தனை கிழவிகளுக்கு நான் போய் அடித்துக் கொடுத்தேன் தெரியுமா? தண்ணீரும் அப்படி ஆனால் யார் போய் அடிப்பது?

2003-இல் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் சோவெட்டோவில் ஃபிரி என்ற பகுதியில் இதே கதைதான் நடந்தது. குழாய் பழசாகிவிட்டது, தண்ணீர் வீணாகிறது, புதுசு போடுகிறோம் என்று ஆரம்பித்தார்கள். கடைசியில் ப்ரீபெய்டு மீட்டர். மாதம் 6 கிலோலிட்டர் இலவசம், அது தீர்ந்ததும் தானாக நின்றுவிடும்.

ஜோபர்க்செல்வி:
தாத்தா, வணக்கம். நான் திருச்சியிலிருந்து வேலைக்காக ஜோஹன்னஸ்பர்க் வந்தவள். இந்த மாதிரி சென்சார் நெட்வொர்க்குகள்தான் என் பிழைப்பு. உங்கள் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டு வேறு சாமான்களை ஒன்றாகப் போட்டுப் பேசுகிறோம்.

அளவை அனுப்புவது ஒரு வேலை, தண்ணீரை நிறுத்துவது இன்னொரு வேலை. அனுப்புவதற்கு ஒரு சின்ன ரேடியோவும் ஒரு லித்தியம் பேட்டரியும் போதும். பேட்டரி பத்து, பதினைந்து வருஷம் வரும் என்று சொல்லி விற்கிறார்கள். நிறுத்துவதற்கு மீட்டருக்குள்ளோ பக்கத்திலோ மோட்டார் வைத்த வால்வு வேண்டும். அது கூடுதல் செலவு. வெறும் ரீடிங்குக்காகப் போடும் மீட்டரில் அது இருக்காது. ஆகவே கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "நீங்கள் போடும் மீட்டரில் வால்வு உண்டா? இல்லையென்றால், பின்னால் பொருத்த இடம் விட்டிருக்கிறதா?" டெண்டர் ஆவணத்தில் இது எழுதியிருக்கும். வாய்ப்பேச்சில் வரும் பதிலை நம்பாதீர்கள், டெண்டரின் தொழில்நுட்பக் குறிப்பைக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ரீடிங் எப்படிப் போகிறது? சில ஊர்களில் ஒரு வண்டியில் ரிசீவரை வைத்துத் தெருத்தெருவாக ஓட்டுவார்கள், மாதம் ஒரு தடவை எல்லா எண்ணையும் பிடித்துக்கொள்ளும். அது மலிவு, ஆனால் உங்களுக்குக் கிடைப்பது பழையபடி மாதம் ஒரு எண்தான். இன்னொரு வகையில் உயரமான இடங்களில் ஆன்டெனா வைத்து, லோராவான் மாதிரி தூரம் போகும் ரேடியோ நெட்வொர்க்கிலோ, செல்போன் கம்பெனிகள் சின்னக் கருவிகளுக்குத் தரும் என்பி-ஐஓடி இணைப்பிலோ தினமும், சில இடங்களில் மணிக்கொரு தடவையும் அளவு போகும். கசிவைக் கண்டுபிடிப்பது, நள்ளிரவுக் கணக்கு பார்ப்பது எல்லாம் இந்த வகையில்தான் முடியும். துண்டுச்சீட்டில் இருக்கும் "தானே அனுப்பும்" என்ற சொல்லுக்குள் இந்த இரண்டும் அடங்கும். எது என்று கேளுங்கள்.

பீனிக்ஸ்தாத்தா:
செல்வி கண்ணு, நீ சொல்வது மெஷின் பக்கம். நான் சொல்வது மனுஷன் பக்கம். வால்வு இன்றைக்கு இல்லை, சரி. நாளைக்குப் பொருத்த மாட்டார்கள் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

ஃபிரி வழக்கு நீதிமன்றத்துக்குப் போன கதை தெரியுமா? மஸிபுக்கோ வழக்கு. 2008-இல் உயர் நீதிமன்றம் ப்ரீபெய்டு மீட்டர் சட்டவிரோதம், ஒரு ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர் தர வேண்டும் என்றது. மேல்முறையீட்டில் அதை 42 லிட்டர் ஆக்கினார்கள். 2009 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் இரண்டையும் தள்ளிவிட்டு, நகராட்சி செய்தது நியாயம்தான், மீட்டரும் சட்டப்படி சரிதான் என்று சொல்லிவிட்டது. அரசியலமைப்பின் 27-ஆவது பிரிவில் போதுமான தண்ணீர் கிடைக்கும் உரிமை என்று எழுதியிருக்கிறது, பள்ளிக்கூடத்தில் பேரப்பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். எவ்வளவு போதும் என்பதை நாங்கள் சொல்ல மாட்டோம் என்று நீதிபதிகள் கையை விரித்துவிட்டார்கள்.

அதற்கும் முன்னால், நம்ம டர்பனில் மான்கேலே வழக்கு. கட்ட முடியாத ஒரு தாயின் வீட்டுத் தண்ணீரை நிறுத்தினார்கள். அடிப்படைத் தண்ணீர் எவ்வளவு என்று விதியே இன்னும் எழுதப்படவில்லை என்ற காரணத்தால் 2001 பிப்ரவரியில் அந்த அம்மாள் தோற்றார். அதே வருஷம் ஜூன் மாதம் விதி வந்தது: ஆளுக்கு நாளைக்கு 25 லிட்டர், அல்லது வீட்டுக்கு மாதம் 6 கிலோலிட்டர். கணக்குப் போட்டுப் பார், எட்டுப் பேர் இருக்கிற வீட்டுக்குத்தான் அந்த 6 சரியாக வரும். பின்கட்டில் இரண்டு குடித்தனம் வைத்திருக்கிற வீடுகள் டர்பனில் எங்கள் பீனிக்ஸ் பகுதியில் எத்தனை?

கணக்கப்பிள்ளை:
தாத்தா சொன்ன 6 கிலோலிட்டர் இலவசம் இப்போது பல ஊர்களில் எல்லோருக்கும் கிடையாது. ஏழை என்று பதிவு செய்த வீடுகளுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். உங்கள் ஊரில் எப்படி என்று பில்லின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. எஸ்டிமேட் பில் என்றால் "கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், கடைசியில் சரியாகிவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். சரியாகாது. நம் ஊர்க் கட்டணம் படிப்படியாக ஏறுவது. முதல் படி மலிவு, மேலே போகப் போக விலை கூடும். இதில் எஸ்டிமேட்டைக் கலந்தால் என்ன ஆகும் பாருங்கள். எண்கள் நான் விளக்கத்துக்காகப் போட்டவை, எந்த ஊரின் கட்டணமும் அல்ல.

முதல் 6 கிலோலிட்டர் இலவசம், 25 வரை கிலோலிட்டருக்கு 30 ரேண்ட், அதற்கு மேல் 45 ரேண்ட் என்று வையுங்கள். உங்கள் வீட்டில் உண்மையான செலவு மாதம் 20. நியாயமான பில் 420 ரேண்ட், ஆறு மாதத்துக்கு 2,520. இப்போது ஐந்து மாதம் யாரும் வராமல் 14 என்று எஸ்டிமேட் போடுகிறார்கள். மாதம் 240, நீங்களும் சந்தோஷமாகக் கட்டுகிறீர்கள். ஆறாவது மாதம் ஆள் வந்து உண்மை எண்ணை எடுக்கிறார். விடுபட்டதெல்லாம் சேர்ந்து அந்த ஒரு மாதத்தில் 50 கிலோலிட்டர் ஓடியதாக வரும். அதில் 25 கிலோலிட்டர் உயர்ந்த படியில் விழும். அந்த மாத பில் 1,695. ஆறு மாதக் கூட்டுத்தொகை 2,895. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதிகம் பிடிக்காமல் 375 ரேண்ட் போனது.

இதற்கு மருந்து, விடுபட்ட அளவை அந்தந்த மாதத்துக்குப் பிரித்துப் போட்டு மறுபடியும் கணக்கிடுவது. எழுதிக் கேட்டால் செய்து கொடுத்ததை என் வாடிக்கையாளர்கள் விஷயத்தில் பார்த்திருக்கிறேன். கேட்காதவர்களுக்குத் தானாக நடந்ததை நான் பார்த்ததில்லை. தானியங்கி மீட்டரால் சாதாரணக் குடும்பத்துக்கு உண்மையான லாபம் எங்கே என்றால் இங்கேதான். ஆகையால் நான் புது மீட்டர் கட்சி. தாத்தா மன்னிக்கணும்.

ஆனால் மாற்றும் நாளில் பழைய மீட்டரின் கடைசி எண் கணக்கில் ஏறுமே, அது பல வருஷ எஸ்டிமேட்டை ஒரே அடியாகச் சரிசெய்யும் எண். அந்த மாத பில்தான் பயங்கரமாக வரும். கூட்டத்தில் கேளுங்கள்: "மாற்றும் மாதத்தில் வரும் வித்தியாசத்தை எத்தனை மாதத்துக்குப் பிரிப்பீர்கள்? தவணை உண்டா?" இதற்குப் பதில் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

குழாய்க்காரர்:
கணக்கப்பிள்ளை சொன்னதற்கு மேல் ஒன்று. பில் உண்மையிலேயே ஏறும், அதற்கு யாருடைய சூழ்ச்சியும் வேண்டாம். பழைய மீட்டருக்குள் ஒரு பிஸ்டன் சுற்றும். மணல் உரசி உரசி அது தேய்ந்துவிட்டால் சிறு ஒழுக்கு பக்கவாட்டில் நழுவிப் போய்விடும், முள் அசையாது. ஃப்ளஷ் டாங்க் சொட்டுவது, ஜோஜோ பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியில் மிதவை வால்வு மெதுவாக நிரப்புவது, எல்லாம் இந்தச் சிறு ஒழுக்கு வகைதான். பழசு கண்டுகொள்ளாததைப் புதுசு, அதிலும் ஒலி அலையால் அளக்கும் அல்ட்ராசோனிக் வகை என்றால், லிட்டர் விடாமல் எழுதிவைக்கும்.

ஃப்ளஷ் டாங்கில் மணிக்கு 20 லிட்டர் ஒழுகினால் நாளைக்கு 480, மாதம் 14 கிலோலிட்டருக்கு மேல். அதாவது ஒரு குடும்பத்தின் தண்ணீர் சத்தமில்லாமல் சாக்கடைக்குப் போகிறது. மீட்டர் வருவதற்கு முன் இரவில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டுச் சிவப்பு எண்ணைப் பாருங்கள், காலையில் எழுந்து ஒரு வாளி பிடிக்கும் முன் மறுபடி பாருங்கள். டாங்கில் இரண்டு சொட்டு சாப்பாட்டுக் கலர் விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் கால் மணி நேரம் விட்டால் கிண்ணத்தில் கலர் இறங்குகிறதா என்பதும் தெரியும். வாஷர் மாற்றுவது பெரிய செலவில்லை. கீசரின் பிரஷர் வால்விலிருந்து வெளியே ஒரு குழாய் வந்து செடிக்கு ஒழுகிக்கொண்டிருக்குமே, "செடிக்குத்தானே போகிறது" என்று விட்டுவைப்பீர்கள். அதையும் பாருங்கள், அது சுடுதண்ணீர்.

கேப்டவுன்காரி:
நான் 2018 வறட்சியில் இங்கே கேப்டவுனில் இருந்தவள். பிப்ரவரி 1 முதல் ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர், அதற்கு மேல் கூடாது. தீவாட்டர்ஸ்க்ளூஃப் அணைக்கட்டில் மணல் பறந்தது. குளித்த தண்ணீரை வாளியில் பிடித்து ஃப்ளஷ்ஷுக்கு ஊற்றிய வீடு எங்களுடையது மட்டுமில்லை, எல்லா வீடும்தான்.

இங்கே தாத்தா பயப்படுகிற சாமான் உண்மையிலேயே இருந்தது. அளவுக்கு மேல் பிடிக்கிற வீடுகளில் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் கருவியை மாநகராட்சி பொருத்தியது. நாளைக்கு 350 லிட்டர் போனதும் வால்வு மூடிக்கொள்ளும், மறுநாள் காலையில் திறக்கும். அந்தக் கருவி வறட்சிக்குப் பல வருஷம் முன்பே வந்தது, கடன் பாக்கி வைத்த ஏழை வீடுகளுக்குத்தான் முதலில். அப்போது பெரிய வீட்டுக்காரர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. வறட்சியில் அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் கத்தினார்கள்.

நல்ல கதையும் உண்டு. அதே சமயம் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு ஸ்மார்ட் மீட்டரை நூற்றுக்கணக்கான பள்ளிக்கூடங்களில், நகராட்சி மீட்டரின் மேலேயே பொருத்தினார்கள். பிள்ளைகள் யாரும் இல்லாத நடுராத்திரியில் தண்ணீர் ஓடுவது வரைபடத்தில் பளிச்சென்று தெரிந்தது. கழிப்பறையில் தானாக ஃப்ளஷ் ஆகிற சாதனங்கள், உடைந்த குழாய்கள், எல்லாம் வெளியே வந்தன. வால்வு எதுவும் வைக்கவில்லை, யாரையும் தண்டிக்கவில்லை. எண்ணைக் காட்டினார்கள், காவலாளியும் தலைமையாசிரியரும் போய் அடைத்தார்கள்.

அதனால் என் கேள்வி: உங்கள் ஊரில் இந்தத் தினசரி எண்ணை வீட்டுக்காரர் பார்க்க முடியுமா? போனில் செயலி வேண்டாம், குறுஞ்செய்தி போதும். ராத்திரி முழுக்க ஓடினால் மறுநாள் காலையில் ஒரு செய்தி. மாதக் கடைசியில் பில்லாக வந்தால் அந்த மீட்டரால் அலுவலகத்துக்குத்தான் பயன்.

டோங்காட்பெண்:
எல்லோரும் மீட்டரைப் பற்றி அழகாகப் பேசுகிறீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில், டர்பனுக்கு வடக்கே எங்கள் டோங்காட் ஊரின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் அடித்துக்கொண்டு போனபோது மாதக்கணக்கில் குழாயில் காற்றுதான் வந்தது. லாரிக்குப் பின்னால் வாளியோடு ஓடினோம். வடகரைவாசியின் மாமியார் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி.

நாடு முழுக்க என்ன நிலைமை என்று அரசாங்கமே 2023-இல், தண்ணீர் இழப்பைப் பற்றிய நோ டிராப் அறிக்கையில் சொன்னது. நகராட்சிகள் வாங்கி விநியோகிக்கும் தண்ணீரில் 47.4 சதவீதம் வருமானமில்லாமல் போகிறது. ரோட்டுக்கு அடியில் உடைந்த குழாய், திருட்டு இணைப்பு, அளக்காத தண்ணீர் எல்லாம் சேர்த்துத்தான். ரோட்டில் ஆறாக ஓடுவதைப் புகார் செய்தால் ரெஃபரன்ஸ் எண் தருகிறார்கள், ஆள் வருவதில்லை. என் வாசலில் மட்டும் லிட்டர் கணக்காகப் பார்க்க மெஷின் வைப்பார்களாம். கோபம் வராதா?

அப்புறம் ஒரு உண்மையான சந்தேகம். தண்ணீர் நின்று திரும்ப வரும்போது குழாய் புஸ் புஸ் என்று காற்றைத் துப்பும். அப்போது மீட்டர் காற்றாடி மாதிரி சுற்றுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் காற்றுக்கும் பில் போடுவார்களா?

ஜோபர்க்செல்வி:
டோங்காட் அக்கா, காற்று விஷயம் உண்மை. உள்ளே சுற்றும் பாகம் வைத்த மீட்டர் எதுவானாலும் காற்று வேகமாகத் தள்ளினால் சுற்றும், அதை லிட்டர் என்று எண்ணும். அல்ட்ராசோனிக் மீட்டரில் சுற்றும் பாகம் இல்லை. தண்ணீருக்குள் ஒலி அலை போய் வரும் நேரத்தை வைத்து ஓட்டத்தைக் கணக்கிடுகிறது. குழாயில் தண்ணீர் இல்லையென்றால் காலி என்று குறித்துக்கொள்ளும், எண்ணாது. அடிக்கடி தண்ணீர் நிற்கிற ஊர் என்றால் இந்த வகையைக் கேட்பதற்கு இது நல்ல காரணம். அதுவரை, தண்ணீர் திரும்ப வரும்போது வீட்டு ஸ்டாப்காக்கை, அதாவது மெயின் வால்வை, கொஞ்சமாகத் திறந்து, உயரத்தில் இருக்கும் ஒரு குழாய் வழியாகக் காற்றை மெதுவாக வெளியே விடுங்கள். முழுசாகத் தப்ப முடியாது, குறையும்.

கோபத்தைப் பற்றி: வீட்டு மீட்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அளவு அனுப்பினால், வட்டாரத்துக்குள் வரும் பெரிய குழாயில் ஒரு மீட்டரை வைத்து இரண்டையும் கழித்துப் பார்க்கலாம். உள்ளே வந்தது இவ்வளவு, வீடுகளுக்குப் போனது இவ்வளவு, மீதி எங்கே? ராத்திரி இரண்டு மணிக்கு எல்லோரும் தூங்கும்போது அந்த மீதி பெரிதாக இருந்தால் ரோட்டுக்கு அடியில் உடைந்திருக்கிறது. அப்போது "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. ஆகவே கேட்டு வாங்குங்கள்: வட்டார மீட்டரும் சேர்த்துப் போடுகிறீர்களா, அந்த வித்தியாசத்தை மாதம் ஒரு தடவை வார்டு கூட்டத்தில் வாசிப்பீர்களா? வீட்டு மீட்டரை மட்டும் மாற்றிவிட்டு வட்டார மீட்டரை விட்டால் அக்காவின் கோபம் முழுக்க நியாயம்.

நெறியாளர்:
கவுன்சிலர்களின் பெயர், கட்சி, போன தேர்தல் பற்றி வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மீட்டரைப் பற்றிப் பேசுவோம்.

ரீடிங்காரர்அண்ணன்:
நான் எழுதலாமா என்று யோசித்தேன். என் தம்பி ரீடிங் எடுக்கிறவன். ஒப்பந்தக்காரரிடம் வேலை, ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கணக்கு. நாய் கடித்தது ஒரு தடவை, துப்பாக்கி காட்டிப் போனைப் பிடுங்கியது ஒரு தடவை. நீங்கள் சிரித்துக்கொண்டே "எதையாவது கூட்டிப் போட்டுவிட்டுப் போவார்" என்று எழுதுகிறீர்கள். குழாய்க்காரர் அண்ணே, உங்களைத்தான். பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்று அவன் என்ன செய்ய வேண்டும்?

புது மீட்டர் வந்ததும் இவர்களுக்கு வேறு வேலை தருவோம் என்று சொல்கிறார்கள். ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கா, நகராட்சியின் நிரந்தர ஆட்களுக்கு மட்டுமா? அதையும் அந்தக் கூட்டத்தில் யாராவது கேளுங்கள். எந்தப் பெட்டி எந்த மரத்துக்கு அடியில் இருக்கிறது, எந்த மீட்டர் மாறிக் கிடக்கிறது என்பது என் தம்பி தலைக்குள் இருக்கிறது, கணினியில் இல்லை. மாற்றும் வேலைக்கு அவர்களையே கூட அனுப்பினால் பாதித் தகராறு வராது.

குழாய்க்காரர்:
தம்பி, நான் குறை சொன்னது ஆளை இல்லை, ஏற்பாட்டை. நீங்கள் கடைசியில் எழுதியிருப்பது இந்த இழையிலேயே நல்ல யோசனை. வடகரைவாசி, இதைக் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

திருட்டைப் பற்றியும் யாரும் பேசவில்லை. பித்தளை மீட்டரை ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போடுகிறார்கள். காலையில் வாசல் முழுக்கத் தண்ணீர். உடல் பிளாஸ்டிக்கில் இருக்கும் மீட்டர் கேளுங்கள், அதற்குக் கடையில் விலை இல்லை. பெட்டி மூடியும் பிளாஸ்டிக்காக இருந்தால் நல்லது. இரும்பு மூடி திருட்டும் போகும், ரேடியோவையும் அடைத்துவிடும்.

கோயில்செயலாளர்:
குடியிருப்பு மீட்டர் என்றுதானே தலைப்பு, ஆனாலும் ஒரு வார்த்தை. எங்கள் மாரியம்மன் கோயில் குடியிருப்பு வட்டாரத்துக்குள்தான் இருக்கிறது, அதே குழாய். வருஷத்தில் பெரும்பாலான மாதம் தண்ணீர்ச் செலவு குறைவு. காவடிக்கும், ஈஸ்டர் சமயத்துத் திருவிழாவுக்கும், ஆடியில் கூழ் ஊற்றும்போதும் அண்டா அண்டாவாகப் போகும். "வழக்கத்துக்கு மாறான ஓட்டம், கசிவு" என்று கம்ப்யூட்டர் முடிவு செய்து தண்ணீரைக் குறைத்துவிட்டால் ஐயாயிரம் பேருக்கு நான் என்ன பதில் சொல்வது?

ஜோபர்க்செல்வி:
ஐயா, கசிவு என்று அது பொதுவாகக் கணிப்பது அதிக ஓட்டத்தை வைத்து இல்லை, நிற்காத ஓட்டத்தை வைத்து. நாள் முழுக்க ஒரு நிமிஷம்கூட சைபருக்கு வராமல் ஓடினால்தான் எச்சரிக்கை போகும். திருவிழாவில் ராத்திரியும் ஓடினால் எச்சரிக்கை வரத்தான் செய்யும், யாராவது போன் செய்து கேட்பார்கள். வால்வு இல்லாத மீட்டர் எதையும் குறைக்காது. கோயிலுக்கு வீட்டுக் கட்டணமா வேறா என்பதை மட்டும் இந்தச் சமயத்தில் எழுதி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மீட்டர் மாற்றும்போது கணினியில் வகை மாறிவிடுவது சகஜம்.

தனியுரிமை என்று ஒன்று மிச்சம் இருக்கிறது. மணிக்கு மணி அளவு என்றால் வீட்டில் யார் எப்போது எழுந்திருக்கிறார்கள், எந்த வாரம் ஊரில் இல்லை என்பதெல்லாம் அந்த எண்ணில் இருக்கிறது. நம் நாட்டில் திருடனுக்கு அது தங்கம். போப்பியா என்கிற தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது உங்கள் தனிப்பட்ட தகவல். யார் வைத்திருக்கிறார்கள், நகராட்சியா கம்பெனியா, எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேட்கும் உரிமை உண்டு.

பீனிக்ஸ்தாத்தா:
அந்த உரிமைக்கு எந்த ஃபாரம், எந்த கவுன்டர் என்று யாராவது சொன்னால் நல்லது. எப்படியோ, செல்வி சொன்ன வால்வுக் கேள்விக்கு எழுத்தில் பதில் வந்தால் நானும் என் பெட்டியைத் திறந்துவிடுகிறேன். எழுத்தில்.

வடகரைவாசி:
அண்ணன்மார், அக்காமார், தாத்தா, எல்லோருக்கும் நன்றி. கூட்டத்துக்கு நான் எடுத்துப் போவது வால்வு, மாற்றும் மாதத்து வித்தியாசத்துக்குத் தவணை, வட்டார மீட்டர், கசிவுக்குக் குறுஞ்செய்தி, ரீடிங் எடுக்கும் ஆட்களைக் கூட அனுப்புவது. தனியுரிமையையும் சேர்க்கிறேன், ஆனால் நேரம் தருவார்களா தெரியாது. ராத்திரி சோதனை செய்து பார்த்தேன், சிவப்பு எண் ஓடியிருக்கிறது. கீசர் வால்வுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு கடைசிக் கேள்வி. பின்கட்டில் ஒரு குடித்தனம் வைத்திருக்கிறேன். ஒரே மீட்டர், தண்ணீர்ப் பணத்தை வாடகையோடு சேர்த்து வாங்குகிறேன். மீட்டர் மாற்றும்போது அவர்களுக்கும் தனியாக ஒன்று வைத்துத் தருவார்களா?

குழாய்க்காரர்:
தர மாட்டார்கள். ஒரு மனைக்கு ஒரு மீட்டர்தான் நகராட்சியின் கணக்கு. உங்கள் பக்கத்தில் ஒரு துணை மீட்டர் நீங்களே வைத்துக்கொள்ளலாம். பிரதான மீட்டருக்குப் பின்னால், பின்கட்டுக்குப் பிரியும் குழாயில் வைக்க வேண்டும். தண்ணீர் மீட்டருக்கான தென்னாப்பிரிக்கத் தரமான எஸ்ஏஎன்எஸ் 1529 தரக்குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரேடியோ எதுவும் வேண்டாம், மாதம் ஒரு தடவை நீங்களும் குடித்தனக்காரரும் சேர்ந்து நின்று எண்ணை எழுதிக்கொண்டால் போதும். கட்டணம் பிரிக்கும்போது ஒன்று யோசியுங்கள்: இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரே மீட்டரில் ஓடுவதால்தான் மேல்படிக்குப் போகிறது, அந்த மேல்படி விலையை முழுக்க அவர் தலையில் வைத்தால் சண்டை வரும். கணக்கப்பிள்ளையிடம் ஒரு தாளில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கீசர் வால்வுக்கு நான் சனிக்கிழமை அந்தப் பக்கம்தான் வருகிறேன், தனிச்செய்தியில் முகவரி அனுப்புங்கள்.